அக்கரையில் செல்லாத லைசென்ஸ்

மார்லிஸ் ட்வைட் பாத மருத்துவர். அமெரிக்காவில் டகோட்டா மாநிலப் பக்கம், ரெட் ஆற்றின் மேற்குக் கரையில் அவருடைய கிளினிக். முன்மேசையில் பதினோரு வருடமாக நான். நோயாளிகளில் பாதிப்பேர் பாலம் தாண்டி அடுத்த மாநிலத்திலிருந்து வருபவர்கள்.

அவர்களில் ஒருவர் ஆர்வல் ஸ்கார். சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு பயிரிடும் விவசாயி. "விளைய வெச்சதும் சர்க்கரை, வந்து சேர்ந்ததும் சர்க்கரை" என்பார்.

அந்த ஏப்ரலில் வெள்ளம் வந்து பாலத்தை மூடிவிட்டார்கள். ஆர்வல் போன் செய்தார்.

"டாக்டரம்மா, பெருவிரலுக்கு அடியில புண்ணு நாறுது. நாய்கூட கிட்ட வரமாட்டேங்குது."

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஆர்வல்" என்றார் மார்லிஸ்.

"போனேன். கட்டுப் போட்டு அனுப்பிட்டாங்க. இந்தக் காலோட என்னால வண்டி ஓட்ட முடியாது, கூட்டிவரவும் ஆளில்ல. நீங்க ஒரு எட்டு வாங்களேன். சுத்தி வந்தா ஒன்றரை மணி நேரம்தானே?"

தூரம் பிரச்சினையில்லை. அக்கரை வேறு மாநிலம், அங்கே வைத்தியம் பார்க்க மார்லிஸுக்கு லைசென்ஸ் இல்லை. செப்டம்பரிலேயே விண்ணப்பித்திருந்தார், பயிற்சி பெற்ற ஆஸ்பத்திரியின் கடிதம் வேண்டும் என்றார்கள். அந்த ஆஸ்பத்திரியை மூடி வெகுகாலமாகிவிட்டது. மற்ற டாக்டர்களுக்கு மாநிலங்களுக்கிடையே ஒப்பந்தம் உண்டு, சீக்கிரம் கிடைத்துவிடும். பாத மருத்துவர்களை அதில் சேர்க்கவில்லை.

மார்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு கார் சாவியை எடுத்தார். நான்தான் மறித்தேன்.

"மாட்டிக்கிட்டா இங்க இருக்கிற லைசென்ஸும் போயிடும் மார்லிஸ். மத்தவங்களை யாரு பாப்பா?"

மார்லிஸ் சாவியை மேசையில் வைத்தார். பிறகு கோட்டைக் கழற்றினார்.

அக்கரையில் இருந்த பாத மருத்துவர்களையெல்லாம் அழைத்தார். பத்தொன்பது நாள் கழித்துத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றார்கள். ஒன்பதாம் நாளே ஆர்வலை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வெள்ளம் வடிந்ததும் இருவரும் பார்க்கப் போனோம்.

"வாங்க டாக்டரம்மா. இல்லாத காலைப் பாக்க லைசென்ஸ் வேணாம்ல?" என்றார்.

"நான் வந்திருக்கணும், ஆர்வல்."

"வந்திருக்கணும்தான்."

ஆர்வல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். மார்லிஸ் என்னைப் பார்க்கவேயில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அடுத்த குளிர்காலம், பாத மருத்துவர்களுக்கும் ஒப்பந்தம் வேண்டும் என்று மாநிலத் தலைநகரில் சட்டமன்றக் குழு முன்னால் மார்லிஸ் பேசினார். மூன்று நிமிடம் கொடுத்தார்கள்.

"ஒரு மாநிலத்துல கணுக்கால் வைத்தியமும் உங்களோடது, இன்னொண்ணுல இல்ல. எப்படிம்மா ஒத்துப்போகும்?" என்றார் ஒரு உறுப்பினர்.

"கணுக்காலுக்கு அப்புறமா சண்டை போடுங்க ஐயா. பாதம் எல்லா ஊர்லயும் எங்களோடதுதான்."

மேலும் ஆராய வேண்டும் என்று தள்ளிவைத்தார்கள். மூடிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பழைய டாக்டர் ஒருவர் கடிதம் கொடுக்க, ஒப்பந்தம் இல்லாமலேயே, பழைய வழியில், அவருடைய அக்கரை லைசென்ஸ் ஜூனில் வந்தது. இப்போது வியாழன்தோறும் பாலம் தாண்டுகிறோம். ஆர்வல் காலுறையைக் கழற்றி இடது காலை நீட்டுகிறார். போன வாரம் குதிகாலில் ஒரு வெடிப்பு. மார்லிஸ் மருந்து தடவினார். என்னை விளக்கை இன்னும் கிட்டே பிடிக்கச் சொன்னார்.