குதிரையைப் பற்றிக் கேட்காத போன்

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் லண்டனின் கோலியர்ஸ் வுட் பகுதியில் இருந்தோம். நான் வேலை செய்த குதிரை லாயத்தின் முதலாளி வயதான பெண்குதிரை ஒன்றை எனக்கே கொடுத்துவிட்டார். கோடை விடுமுறைக்கு அதையும் கொண்டுபோய்க் காட்டோர வாடகைக் கேபின் ஒன்றில் தங்க ஆசைப்பட்டோம். ஆங்கிலத்தில் போன் பேச எனக்குப் பயம். எங்களுக்காக எப்போதும் பேசுகிற பக்கத்து வீட்டு ராசா அண்ணைதான் இடம் பிடித்தார்.

"குதிரையையும் கேட்டனீங்களோ அண்ணை?"

"ஓம் ஓம், எல்லாம் கதைச்சிட்டன்."

மூன்று மணி நேரம் இரவல் டிரெய்லரில் நின்று வந்த குதிரையைக் கண்டதும் கேபின் சொந்தக்காரப் பெண் கையை விரித்துவிட்டார். அங்கே வேலியும் இல்லை, லாயமும் இல்லை. குதிரை வருவதாக யாரும் சொல்லவே இல்லையாம். வெயிலில் வியர்த்து நடுங்கிய அந்தக் கிழட்டு உயிரை, விழுந்துவிடுமோ என்ற பயத்தோடு திருப்பிக் கொண்டுவந்தோம்.

அண்ணையிடம் நேரே கேட்டேன்.

"எங்கட ஆக்களுக்குக் குதிரையோ எண்டு வெள்ளைக்காரர் சிரிப்பினம். அதுதான் சொல்லேல்லை."

எங்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தவர் அவர்தான் என்பது அன்றுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு எங்கே போவதென்றாலும் நானே போன் எடுத்தேன். என்னிடம் குதிரை இருக்கிறது என்று உடைந்த ஆங்கிலத்தில் முதலில் சொல்லிவிடுவேன். என் பெயரைக்கூடப் பிறகுதான் சொல்வேன்.