மூணு நம்பர் மேடம்

டாக்டரிடம் அம்மா மூன்று எண்கள் கேட்டாள்.

"மோசமாப் போனா எத்தனை வாரம், வழக்கமா எத்தனை வாரம், நல்லபடியாப் போனா எத்தனை வாரம்? இந்த மூணு மட்டும் சொல்லுங்க டாக்டர்."

டாக்டர் அம்மாவைவிட முப்பது வயது சின்னவர். ஸ்கேன் படத்தை உறைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். "அதெல்லாம் அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஒவ்வொருத்தர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி."

"தெரியும். அதனாலதான் மூணு கேக்கறேன். ஒண்ணு கேட்டா நீங்க பொய் சொல்ல வேண்டியிருக்கும். தப்பாப் போச்சுன்னு வந்து சண்டை போட மாட்டேன், பயப்படாதீங்க."

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததற்காக உடனே தலையைக் குனிந்துகொண்டார். அம்மா பேசாமல் காத்திருந்தாள். கேள்வி கேட்டபின் பேசாமல் இருப்பது அவள் தொழிலில் பாதி.

"மூணு," என்றார் டாக்டர். "வழக்கமா ஏழு. ரொம்ப நல்லாப் போனா பதினாலு."

நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். திட்ட மேலாண்மை படித்த எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. என் அம்மாவின் கணையத்தைப் பற்றிய பேச்சு என்பதே மறந்து, நான் மனத்துக்குள் வகுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு நொடி முன்னால் அவள் முடித்துவிட்டாள்.

"ஏழரை," என்று என் பக்கம் திரும்பினாள். "பாரு, வந்து வந்து ஏழரைதான் வருது. கிளாஸ் வேற சனிக்கிழமை."

அம்மா திட்ட மேலாண்மைப் பயிற்சியாளர். கட்டடமோ, பாலமோ, ஆஸ்பத்திரியில் புதுப் பிரிவோ, ஒரு வேலையை யார், எந்த வரிசையில், எத்தனை நாளில் செய்வது என்று திட்டம் போடக் கற்றுக்கொடுப்பவள். இருபத்திரண்டு ஆண்டுகள். நூற்றுப் பதினேழு பேட்ச். படித்தவர்கள் அவளை 'மூணு நம்பர் மேடம்' என்பார்கள். எதிரிலேயே சொல்வார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

அதற்கு முன்னால் அவள் ஒரு கட்டட நிறுவனத்தில் தட்டச்சர். வாராவாரம் வேலை அட்டவணையை அடித்துத் தர வேண்டும். வாராவாரம் அதே வேலை, தேதி மட்டும் ஒரு வாரம் தள்ளி. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் சாரத்தின் அடிக்குப் போய், பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனாரிடம் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். பத்தொன்பது என்றார் அவர். அட்டவணையில் ஒன்பது என்று இருந்தது. அம்மா பத்தொன்பது என்று அடித்து மேசையில் வைத்துவிட்டாள். "உன் வேலை டைப் அடிக்கறது, நாள் குறிக்கறது இல்ல," என்று மேலாளர் கத்தினாராம். பூச்சு இருபதாம் நாள் முடிந்தது. அடுத்த கட்டடத்துக்கு மேலாளரே வந்து, "அந்தக் கொத்தனார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரும்மா," என்றார்.

அவள் கற்றுக்கொடுத்ததெல்லாம் அந்த ஒன்றிலிருந்து கிளைத்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது. "மேல இருக்கறவர் சொல்ற நம்பர் அவரோட ஆசை. எத்தனை நாளுன்னு, அந்த வேலையைச் செய்யப் போறவங்களைக் கேளுங்க." முதல் வகுப்பில் பலகையில் வேறெதையும் எழுதுமுன் இதை எழுதுவாள்.

வீட்டிலும் விட மாட்டாள். குளியலறையிலிருந்து நான் "இதோ வந்துட்டேன்" என்றால், "இதோன்னா எத்தனை நிமிஷம்?" என்பாள். வீட்டுப் பாடம் முக்கால்வாசி முடிந்தது என்று சொல்லவே முடியாது. "முக்காவாசின்னு ஒண்ணு கிடையாது. முடிஞ்சதா, முடியலையா?" நான் பொறியியல் படித்து லிஃப்ட் சோதனை செய்யும் வேலைக்குப் போனதற்கு அவள்தான் காரணமாக இருக்க வேண்டும். பிரேக் பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா. எங்கள் படிவத்திலும் இரண்டு கட்டங்கள்தான்.

டாக்டரைப் பார்த்தது ஒரு வியாழன். அந்தச் சனிக்கிழமை நூற்றுப் பதினெட்டாவது பேட்ச் தொடங்க வேண்டும். பத்துச் சனிக்கிழமைகள். பதினோராவது வாரம் தேர்வு.

"ரத்து பண்ணும்மா," என்றேன்.

"சேர்ந்திருக்கற ஒன்பது பேரும் மேலாளர்கிட்ட கெஞ்சி சனிக்கிழமையை வாங்கியிருக்காங்கடி. அதுல ஒரு கிரேன்காரருக்குப் பரீட்சை இது மூணாவது தடவை. இதுலயும் போச்சுன்னா அடுத்த வருஷம்தான். சூப்பர்வைசர் நாற்காலி அதுவரைக்கும் அவருக்காகக் காத்திருக்காது."

"ஏழரை வாரத்துல பத்து வாரப் பாடத்தை எப்படிம்மா முடிப்ப?"

"அது என் கவலை. நீ எப்போ லீவு போடற?"

"ஆறாவது வாரத்துலேருந்து. அப்போதான் நான் தேவைப்படுவேன். டாக்டர் நம்பர்படி."

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதிரே இருப்பவர் தன் பதிலைத் தானே ஒருமுறை கேட்டுக்கொள்ள அவள் கொடுக்கும் நேரம் அது. சிறுவயதில் கடிகாரம் வைத்து அளந்திருக்கிறேன். பதினோரு நொடி. நான் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

"சரி," என்றாள். "சனிக்கிழமை மட்டும் என்கூட வா. புரொஜெக்டர் கனமா இருக்கு."

வகுப்பு ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில். முப்பத்தெட்டுப் படிகள். "ஊர் லிஃப்ட்டெல்லாம் இவ பார்க்கறா, இவ அம்மா படியேறிப் போறா," என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று சொன்னாள். நான்கு நிமிடம் ஆனது. நான் கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, என் வாரத்துச் சோதனை அறிக்கைகளை எழுதத் தொடங்கினேன்.

சுவரில் நீளமாக ஒரு பழுப்புத் தாள். அதில் மூன்று கட்டங்கள்: செய்யணும், நடக்குது, முடிஞ்சது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. ஒரு சீட்டில் ஒரே ஒரு ஆள். அந்த ஆள் மட்டுமே அதைக் கட்டம் விட்டுக் கட்டம் நகர்த்தலாம், வேறு யாரும் தொடக் கூடாது. அந்த வகுப்பே ஒரு திட்டம் என்று வைத்து, பத்து வாரப் பாடத்தையும் அதில் ஒட்டுவது அவள் வழக்கம்.

ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு அவள் பலகையில் எழுதினாள்: அபாயம் எண் 1, பயிற்சியாளர் பாதியில் இல்லாமல் போகலாம்.

"கணையத்துல புற்று," என்றாள். "பரிதாபம் பத்து மணி டீக்கு வெச்சுக்கலாம். இப்போ சொல்லுங்க, இந்த அபாயத்தை என்ன பண்ணலாம்?"

பதினோரு நொடி தாண்டியது. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்கா கை தூக்கினார். "எங்க பிரிவுல ஒருத்தி லீவுன்னா அவ மெஷினை ஓட்ட இன்னொருத்திக்குத் தெரிஞ்சிருக்கணும் மேடம். இல்லைன்னா வார்டுக்குத் துணி போகாது."

"அப்போ?"

"அப்போ உங்க மெஷினை நாங்க ஓட்டக் கத்துக்கணும்."

அம்மா அன்று கடைசிப் பாடத்தை முதலில் எடுத்தாள். வேலையை எப்படி ஒப்படைப்பது என்ற பாடம். முக்கியமான எல்லாவற்றையும் மூன்று சனிக்கிழமைகளில் அடைத்தாள். நான்காவதிலிருந்து ஒவ்வொரு சனிக்கும் அவர்களில் ஒருவர் வகுப்பெடுக்க வேண்டும். சீட்டுகளில் பெயர்கள் ஏறின. அவற்றில் முதலாவதான நான்காவது சனி கிரேன்காரருக்கு விழுந்தது.

"மேடம், என்னை விட்ருங்க," என்றார் அவர். ஐம்பத்தொரு வயது. முப்பது மீட்டர் உயரத்தில் தனியாக உட்கார்ந்து இருபது டன் தூக்குகிறவர். பலகை முன் நின்றால் கையில் மார்க்கர் நடுங்கும். "மேல இருந்தா யாரும் என்னைப் பார்க்க மாட்டாங்க. இங்க ஒன்பது பேர் பார்க்கறீங்க."

"எட்டுப் பேர்தான். நீங்களே உங்களைப் பார்த்துக்க முடியாதே."

இரண்டாம் சனி படியேற ஏழு நிமிடம். மூன்றாம் சனி பதினாறு. நான்காம் சனி டயர் கடை வாசலிலேயே அம்மா நின்றுவிட்டாள்.

நான் திரும்பிப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒன்பது பேரும் கீழே இறங்கி வந்துவிட்டார்கள். கிரேன்காரர் கையில் ஒரு கை வைத்த நாற்காலி. அவர் படிகளை ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்தார். திருப்பத்தின் அகலத்தைக் கையை விரித்து அளந்தார்.

"எவ்வளவு எடை மேடம்?"

"முப்பத்தொன்பது கிலோ. நாற்காலி இல்லாம."

"தூக்கற ஆள் நாலு. முன்னாடி ஒருத்தர் சைகை காட்டணும். மத்தவங்க வாயைத் திறக்கக் கூடாது, ஒரே குரல்தான் கேக்கணும்."

"எத்தனை நிமிஷம்?" என்று கேட்டாள் அம்மா, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே.

"நல்லாப் போனா மூணு. வழக்கமா அஞ்சு. திருப்பத்துல மாட்டினா ஒன்பது."

அவர் எடுத்துக்கொண்டது ஐந்தரை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படியில்கூட நாற்காலி சாயவில்லை. அம்மா இரண்டு கைகளையும் மடியில் வைத்து, பேருந்தில் ஜன்னல் சீட்டு கிடைத்தவள்போல வந்தாள். மாடியில் இறக்கி வைத்ததும் கிரேன்காரர் என்னிடம், "நீங்களும் ஆளைத் தூக்கற தொழில், நானும் தூக்கற தொழில்," என்றார். அவர் கை நடுங்கவில்லை. அப்படியே பலகைக்குப் போய் மார்க்கரை எடுத்துவிட்டார். அம்மா சிரித்ததைப் பார்த்தபோதுதான், அவள் வீட்டிலேயே நின்றுவிடாமல் டயர் கடை வரைக்கும் வந்தது எதற்கென்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அன்று அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு ஆண்டுகளில் வகுப்பின் கடைசி வரிசையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"லேப்டாப்பை மூடுடி," என்றாள்.

மூடினேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் தோள் என் தோளில் சாய்ந்திருந்தது. அதற்கு எடையே இல்லை.

அடுத்த செவ்வாய் பிற்பகல் நான் ஒரு லிஃப்ட் குழிக்குள் இருந்தேன். அங்கே கைப்பேசிக்கு சிக்னல் கிடையாது. மேலே ஏறி வந்தபோது, எங்கள் மாடி வீட்டு அக்காவிடமிருந்து பதினான்கு அழைப்புகள். என் விடுமுறை தொடங்க இன்னும் பதிமூன்று நாட்கள் இருந்தன.

அம்மா போனதையும் பிறகு நடந்தவற்றையும் சரியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்லத் தெரிந்தது இதுதான்: அந்தச் சனிக்கிழமையும் வகுப்பு நடந்தது. சலவைப் பிரிவு அக்கா எடுத்தார். ஒரு சனிகூட விடவில்லை. பத்தாவது சனிக்கு முந்தின நாள் அவர்தான் கூப்பிட்டார். "நாளைக்கு ஒரு தடவை வந்துட்டுப் போங்கம்மா. சுவர்ல ஒண்ணு பாக்கி இருக்கு. எங்களால தொட முடியாது."

முப்பத்தெட்டுப் படிகளையும் நின்று நின்று ஏறினேன். ஒன்பது பேரும் இருந்தார்கள். பலகையில் கிரேன்காரரின் எழுத்து, பெரிய பெரிய எழுத்தாக. (தேர்வில் பின்னர் எட்டுப் பேர் தேறினார்கள். ஸ்டோர் பொறுப்பாளர் ஒருவர் மறுபடி எழுதப் போகிறார். கிரேன்காரர் இப்போது சூப்பர்வைசர். முடிவு வந்த அன்று என்னிடம் போனில் எண்களைச் சொல்லிவிட்டுத்தான் அழுதார்.)

சுவருக்குப் போனேன். முதல் கட்டம் காலி. மூன்றாவது கட்டம் மஞ்சளாக நிறைந்திருந்தது. அம்மா பெயரில் இருந்த எல்லாச் சீட்டுகளும் அங்கேதான், அவளே நகர்த்தி, மூன்றாம் சனித் தேதி போட்டது. மோசமாகப் போனால் மூன்று என்று டாக்டர் சொன்னாரே, அதற்குள் முடித்துவிட்டாள்.

நடுக் கட்டத்தில் ஒரே ஒரு சீட்டு. அம்மாவின் கையெழுத்து. முதல் சனித் தேதி.

'மகள். என்கூட இருத்தல். சனிக்கிழமைகள்: 2, 4, 7.'

நான்கைச் சுற்றி ஒரு வட்டம்.

கணக்கு தானாக ஓடியது. இரண்டு, பதினாறு, ஏழு. இருபத்தைந்தை ஆறால் வகுத்தால் நான்கு சொச்சம். அந்தச் சொச்சம் கிடைக்கவில்லை.

நான் டாக்டரின் எண்ணை எடுத்துக்கொண்டு, அதை வைத்து விடுமுறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நிம்மதியாக லிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை. அந்த வேலையைச் செய்யப் போகிறவள் அவள்தான். அவளிடம் எண் இருந்தது. நான் கேட்பேனா என்று பதினோரு நொடி காத்திருந்தாள். கேட்கவில்லை என்றதும், கனமே இல்லாத ஒரு புரொஜெக்டரைச் சாக்கு சொல்லி, நான்கு சனிக்கிழமைகளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். இந்தச் சீட்டு நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஆறடி தூரத்தில், என் கண்ணெதிரே, நான்கு வாரமும் இருந்திருக்கிறது. தலையை நிமிர்த்தியிருந்தால் போதும்.

"நாங்க தொடல மேடம்," என்றார் கிரேன்காரர். "உங்க பேர்ல இருக்கு."

நான் ஏதோ சொன்னேன். கடைசி ஒரு சனிதான் சரியாக இருந்தேன், மற்ற மூன்றும் பாதிப் பாதிதான், இதை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று தெரியவில்லை, அப்படி ஏதோ.

"பாதின்னு ஒண்ணு கிடையாது," என்றார் கிரேன்காரர் மெதுவாக. "முடிஞ்சதா, முடியலையா?"

கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். எதையும் எண்ணுகிறவள் நான். அன்று எண்ணவில்லை.

சீட்டைப் பிய்த்து மூன்றாவது கட்டத்தில் வைத்து அழுத்தினேன். பசை காய்ந்து போயிருந்தது, நிற்கவில்லை. மறுபடி அழுத்தினேன். சலவைப் பிரிவு அக்கா தன் சேலைத் தலைப்பிலிருந்து ஒரு பின்னைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.