சுனந்தாவின் நைனாவைப் பார்க்கப் போனேன்

திண்டிவனத்தில் பஸ் மாறினேன். செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர். வல்லம் தாண்டியதும் தெரிகிறவற்றை மலை என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன பாறைகள். ஊரார் கோட்டை பார்க்கப் போவார்கள். நான் ஒரு முண்டாசைப் பார்க்கப் போனேன்.

நானும் செஞ்சிக்காரி சுனந்தாவும் அயர்லாந்தில் ஒரே வார்டில் நர்ஸ்கள். நான் லீவில் கிளம்பியபோது சொன்னாள்: "நைனா ஒரு வாரமா முண்டாசு கட்டிக்கினே வீடியோவுல பேசுது. இன்னான்னு ஒரு எட்டு பாத்துட்டு வா. உடம்புக்கு எதாச்சும்னா வேலைய உட்டுட்டு வந்துடுவேன்." சொன்னால் செய்கிறவள். அந்த வேலைக்காக ஆங்கிலப் பரீட்சையோடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டியவள்.

மாலை நாலரை மணி. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். சுனந்தாவின் அப்பா தரணேந்திரன் மல்லாட்டை விவசாயி. எங்கள் தென்காசியில் நிலக்கடலை என்போம். மனைவி போனபின் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். நான் கேட்குமுன்பே முண்டாசை அவிழ்த்தார். நெற்றியில் தையல்.

"விடிகாலைல வேர்த்துக் கொட்டுது தம்பி. தலை சுத்தி உழுந்துட்டேன். அவகிட்ட சொல்லாத. வந்துடுவா. பட்ட பாடெல்லாம் வீணாப்பூடும்."



ஐந்தரைக்கே இலை போட்டார். சமணர் வீடு, பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். பூசணிக்காய்க் கூட்டு பிரமாதம். அவருக்குச் சர்க்கரை உண்டென்று சுனந்தா சொல்லியிருந்தாள்; விடிகாலையில் வேர்ப்பது அது இறங்குவதன் அறிகுறி. சாப்பிட்டுக்கொண்டே, சர்க்கரைக்கு என்ன மருந்து என்று கேட்டேன்.

"ஊசி தான். நைட்டு எட்டரைக்குப் போட்டுக்கறேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னன்னாங்க. ஊரு ராத்திரிக்குச் சாப்புடற நேரம் அது தான?"

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. ஊசி சர்க்கரையை இறக்கும்; அதைத் தாங்க அதற்குப்பின் வயிற்றுக்கு ஒன்றும் போவதில்லை. ஆஸ்பத்திரியில் எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மகள் வீட்டில் இருந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பாள்.

இதை மறைக்க முடியாது என்று சொல்லி, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சுனந்தாவுக்கு வீடியோ போட்டேன். அங்கே மத்தியானம். தையலைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. ஊசி சங்கதியைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வார்டு குரலில் பேசினாள்.

"இன்னிக்கு ஊசி போடாத நைனா. இப்பவே டாக்டருக்குப் போன் போட்டுக் கேளு. நாளைக்குக் காலைல இவன் கூடப் போய் நேரத்த மாத்திக்கினு வா."

"நீ வரத் தேவல தான?"

"இதுக்கு வர மாட்டேன். இன்னொருவாட்டி மறைச்சின்னா, அன்னிக்கு வந்துடுவேன்."

அவர் சின்னப் பிள்ளைபோலத் தலையாட்டினார்.

மறுநாள் டாக்டர் ஊசியைச் சாயங்காலச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றி, அளவையும் குறைத்தார். ஒருநாள் தங்கி ராஜகிரிக் கோட்டை ஏறிவிட்டு ஊருக்குப் போகலாம் என்றிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது அவர் கேட்டார்.

"உங்க ஊட்ல யாரு தம்பி பாத்துக்கறது?"

"அப்பாவும் அம்மாவும்தான், ஒருத்தரை ஒருத்தர். தினமும் வீடியோவுல பேசுறேன். நல்லா இருக்கோம்னுதான் சொல்றாங்க."

"நானும் அப்டி தான சொல்லிக்கினு இருந்தேன்."

தென்காசிக்கு ரயில் பிடிக்க விழுப்புரம் போக வேண்டும்; அந்த பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறினேன்.