மூணாவது டக்

குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிய செய்தி சென்னைக்குப் போய்ச் சேர்ந்ததும், முதலாளி வீட்டிலிருந்து அப்பாவுக்குப் போன் வரும். தென்காசியில் அவர்களுடைய பூர்வீக வீடு வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும். அந்த வீட்டுக் காரும் கூடவே கிடக்கும். அதற்கு அப்பாதான் டிரைவர். சும்மா கிடக்கிற மாதங்களில் ஸ்டார்ட் செய்து, துடைத்து, தார்ப்பாய் போட்டு மூடுவார். சீசனில் அவர்களை அருவி அருவியாகக் கூட்டிப்போவார். எங்கள் வீட்டுக்கு மாதம் தவறாமல் வந்த சம்பளம் அது ஒன்றுதான்.

பழைய கார் அது, ஆனால் ஆட்டோமேட்டிக். கிளட்ச் மிதி கிடையாது. கியர் கம்பியை ஓர் இடத்தில் வைத்துவிட்டால் மற்றதை அதுவே மாற்றிக்கொள்ளும். கம்பியின் ஓரத்தில் இங்கிலீஷ் எழுத்துகள் உண்டு. அப்பாவுக்குத் தன் பெயரைத் தமிழில் போட மட்டும்தான் தெரியும். எழுத்து அவருக்குத் தேவைப்படவும் இல்லை. கம்பியை இழுத்தால் ஒவ்வோர் இடத்திலும் ‘டக்’ என்று கையில் தட்டும். மேலே முட்டி நின்றால் வண்டி அசையாது. அங்கிருந்து ஒரு டக், பின்னால் போகும். இரண்டாவது டக், சும்மா நிற்கும். மூணாவது டக், முன்னால் போகும். அதற்குக் கீழே அவர் போனதே இல்லை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். கடைப் பலகை, மருந்து டப்பா, பஸ் டிக்கெட் என்று கண்ணில் பட்டதையெல்லாம் உரக்க வாசித்து எல்லோரையும் தொல்லை செய்த காலம். அந்த வருஷம் சீசனுக்கு முன்னால், அப்பா காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் உள்ளே ஏறிக் கம்பி ஓரத்து எழுத்துகளை வாசித்தேன். P, R, N மங்கலாகத் தெரிந்தன. அடுத்த இடம் கை பட்டுப் பட்டு வழித்த மாதிரி அழிந்திருந்தது. அதற்கும் அடுத்த இடத்தில் வளைவாக ஒரு கோடு மட்டும் மிச்சம். முதலாளி ‘டிரைவ்ல போடு’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். டிரைவுக்கு D. இந்த வளைவு D-யின் வயிறு. பையிலிருந்த ஒயிட்னரை எடுத்து, வளைவின் மேலேயே பட்டையாக ஒரு D போட்டேன்.

அப்பா குனிந்து பார்த்தார்.

“அங்கனயா வருது? மூணாவது டக்குல்லா?”

“இல்லப்பா, நாலாவது. இந்தா, எழுத்தே தெரியுதுல்லா.”

அவர் கம்பியை நாலாவது டக்குக்கு இழுத்து வைத்துப் பார்த்தார். “அப்ப இத்தன வருசமும் தப்பாவா போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்” என்று சிரித்தார். சாயங்காலம் டீக்கடைக்காரரைக் கையோடு கூட்டிவந்து அந்த D-யைக் காட்டினார். “எம்பையன் எழுதுனது.”

முதலாளி குடும்பம் வந்தது. ஊருக்குள் ஓடியவரை ஒன்றும் தெரியவில்லை. குற்றாலம் ரோட்டில் வேகமெடுத்ததும் இஞ்சின் அலறியது. எவ்வளவு மிதித்தாலும் சத்தம்தான் கூடியதே தவிர வண்டி ஓடவில்லை. ஐந்தருவி போய்ச் சேர்வதற்குள் சூடு காட்டும் முள் மேலே ஏறிவிட்டது. முதலாளியின் மகள் சென்னையில் இதே மாதிரி கார் ஓட்டுகிறவர். பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். கம்பி D-யில்தான் நின்றது.

“கியர் பாக்ஸ் போச்சுப்பா. வித்துடலாம். அடுத்த தடவையிலேர்ந்து வாடகைக் கார் எடுத்துக்கலாம்” என்றாராம் தன் தகப்பனாரிடம்.

அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வாடகைக் காருக்கு டிரைவர் கூடவே வருவார் என்பது எனக்கும் புரிந்தது.

நல்லவேளை, விற்பதற்கு முன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம் என்றார் முதலாளி. மறுநாள் சனிக்கிழமை, நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். மெக்கானிக் அப்பாவை விட மூத்தவர். இஞ்சினை ஓடவிட்டபடியே கியர் ஆயில் அளக்கும் கம்பியை உருவி, தாளில் துடைத்து, மோந்து பார்த்தார்.

“கருகல் வாடை இல்லவே. உள்ள ஒண்ணும் தீயல. ஓட்டும், பாப்போம்.”

குற்றாலம் ரோட்டில் வண்டி மறுபடி அலறியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“ஒரு தடவ மாத்துது. அதுக்கு மேல மாத்த மாட்டேங்கு. டிரைவ்லதான போட்டிருக்கீரு?”

“டி-யிலதான் அண்ணாச்சி நிக்கு. பாருங்க.”

“எத வச்சு பாக்க? கண்ணாடிய கடையில விட்டுட்டு வந்துட்டேன். ஓரமா நிறுத்தும்.”

வண்டி நின்றதும், அப்பாவை பிரேக்கை அமுக்கச் சொல்லிவிட்டு, கம்பியை மேலே முட்டும்வரை தள்ளினார். பிறகு ஒவ்வொன்றாக இழுத்தார். “ஒண்ணு. ரெண்டு. மூணு. இங்கனதாம்வே டிரைவு. நீரு நாலாவதுல கொண்டு வச்சிருக்கீரு. அது மலையில ஓட்டுத ரெண்டாம் கியரு.”

அப்பா மூணாவது டக்கிலேயே விட்டு ஓட்டினார். சத்தம் ஏறியது, இறங்கியது; மறுபடி ஏறியது, இறங்கியது; பிறகு ஏறவே இல்லை. வைப்பர் கீச்சிடுவது கேட்டது. கண்ணாடியில் சாரல் விழுவதுகூடக் கேட்டது.

மெக்கானிக் மூக்கு முட்டக் குனிந்து வெள்ளை எழுத்தைப் பார்த்தார். “எந்தப் படிச்ச மகராசன்வே இத எழுதுனது?”

“எம்பையன்தான் அண்ணாச்சி” என்றார் அப்பா. அப்போதும் அந்தக் குரலில் டீக்கடைக்காரரிடம் சொன்ன பெருமை கொஞ்சம் இருந்தது.

“ஏலே, ரெண்டாம் நம்பரோட தலையப் பாத்துட்டு டி-ன்னுட்டியேலே!” என்று திரும்பிச் சிரித்தார் அவர்.

வீட்டுக்குத் திரும்பியதும் முதலாளியிடம் மெக்கானிக், “கியர் பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு, எழுத்துதான் ரிப்பேர்” என்றார். மகள் மறுபடி காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “நானும் அந்த D-யைப் படிச்சுட்டுத்தானே சொன்னேன்” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். வண்டி விற்கப்படவில்லை. அன்று எங்கள் வீட்டில் மூன்று பேரும் நன்றாகச் சாப்பிட்டோம். விழும் விழும் என்று நான் எதிர்பார்த்த அடி கடைசிவரை விழவில்லை.

மறுநாள் காலையில் அப்பா என்னைக் காருக்குக் கூட்டிப்போனார். பழைய D-யை அவரே பிளேடால் சுரண்டிவிட்டு, “இப்ப சரியா எழுதுலே” என்றார்.

“எங்கனப்பா?”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே, கம்பியைப் பார்க்காமல், மூன்று டக் இழுத்தார். “இங்கன.”

எழுதினேன். அது காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார். பிறகு கம்பியை மேலே தள்ளி, குனிந்து என் D-யைத் தேடிப் பார்த்து, அதற்கு நேராகக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். மூணு டக் தெரிந்த கைக்கு என் எழுத்து எதற்கு என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.