சாய்ந்த எழுத்தும் தைலப் பாட்டிலும்

பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் நான் புரூப் பார்க்கச் சேர்ந்த புதிதில் வந்த வேலை இது. கிள்ளானில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர் இரண்டு லேபிள்கள் கேட்டார். ஒன்று குழந்தைகளின் வயிற்றுவலி மருந்துக்கு. மற்றது மேலே தேய்க்கும் தைலத்துக்கு. அது வயிற்றுக்குள் போனால் ஆபத்து. இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பாட்டில்.

“இங்கிலீஷ் பூராவும் இட்டாலிக்ல போடுங்க. தொரைமாருங்க கார்டு மாதிரி அழகா சாஞ்சு வரணும்லா,” என்றார்.

இட்டாலிக் அழகுதான். பேனாவால் எழுதியதுபோல் வலப்பக்கம் சாயும். மெலிந்திருப்பதால் குறுகிய இடத்தில் நிறைய அடங்கும். ஆனால் ‘எஃப்’ எழுத்தின் தலையும் வாலும் ஈயக் கட்டைக்கு வெளியே நீண்டிருக்கும். இறுக்கினால் ஒடியும்.

“பாக்க மகாராணி, தொட்டா முறிஞ்சிடுவா,” என்று முணுமுணுத்துக்கொண்டே எழுத்துக் கோத்தார் எங்கள் கம்பாசிட்டர் மாணிக்கம் அண்ணன்.

என் கவலை வேறு. ‘வெளியே பூச மட்டும்’ என்ற எச்சரிக்கை வரி, சாய்ந்த மற்ற வரிகளோடு கலந்து மறைந்துவிட்டதுபோல் தெரிந்தது. கைக்குழந்தைக்காரி, எதைப் பார்த்தாலும் பயப்படுகிறேனோ என்றும் நினைத்தேன். ஆனாலும் மாதிரிக்கு அச்சடித்த இரண்டு புரூப்களையும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காலிப் பாட்டில்களில் ஒட்டி, தண்ணீர் ஊற்றி அலமாரியில் வைத்தேன்.

காலையில் குழந்தை அழுதது. “பாப்பா மருந்த எடுங்க,” என்றேன் கணவரிடம். அவர் ரயில்வே குமாஸ்தா. தினமும் ஆங்கிலம் படிப்பவர். தைல லேபிள் ஒட்டிய பாட்டிலை எடுத்துவந்து கரண்டியைத் தேடினார்.

“அதுல என்ன போட்டிருக்கு, படிங்க.”

படித்தார். முகம் மாறிவிட்டது. “ரெண்டும் ஒரே மாதிரி சாஞ்சு கெடக்கு. யாரு நின்னு படிப்பா?”

முதலாளியிடம் சொன்னேன். “கஸ்டமர் கேட்டதத்தாம்மா அடிக்கணும். வர்றப்ப நீயே பேசிப் பாரு. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா என்னையக் கேக்காத,” என்றார்.

கடைக்காரர் வந்தார். எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போட்ட புரூப்பை முதலில் காட்டினேன்.

“என்னாம்மா இது, சாவு நோட்டீஸ் மாதிரி?”

அடுத்ததைக் காட்டினேன். அதில் எல்லாம் நிமிர்ந்த ரோமன் எழுத்து. எச்சரிக்கை மட்டும் இட்டாலிக்.

“ஏன் இந்த ஒரு வரி மட்டும் சாயுது?”

“நீங்களே கேட்டுட்டீங்கல்ல ஐயா. வாங்குறவங்களும் அப்படித்தான் நின்னு பாப்பாங்க.”

அவர் அந்த வரியை மறுபடி படித்தார். “அப்ப என் கடை பேரு?”

“அது நேரா நிக்கட்டும் ஐயா.”

மாணிக்கம் அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். கடைக்காரர் ஒப்புக்கொண்டார். ஆங்கிலம் தெரியாதவர்களுக்காக, ‘குடிக்கக் கூடாது’ என்று தமிழில் ஒரு வரியும் சேர்க்கச் சொன்னார். எங்களிடம் தமிழில் சாய்வெழுத்து கிடையாது, நேராகவே சேர்த்தோம்.

புதிதாகப் புரூப் பார்க்க வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கப்பல் பெயர், புத்தகப் பெயர், அழுத்திச் சொல்ல வேண்டிய ஒரு சொல் ஆகியவற்றுக்கு இட்டாலிக் போடலாம். சுற்றிலும் நிமிர்ந்த எழுத்து இருந்தால்தான் அது கண்ணில் படும். பக்கம் முழுக்கப் போட்டால் வெறும் அலங்காரம்.

லேபிள் நன்றாகவே வந்தது. ஆனாலும் எங்கள் வீட்டில் தைலப் பாட்டில் குழந்தை மருந்தோடு இருப்பதில்லை. மேல் தட்டில், துணி சுற்றித் தனியாக வைத்திருக்கிறேன்.