தோற்கும் அணியின் ரசிகர்

சனிக்கிழமைகளில் லிட்கம்மிலிருந்து என்னை வேலைக்குக் காரில் கூட்டிப்போனவர் ஒரு யாழ்ப்பாணத்து அங்கிள். நரைத்த தாடி, தலையில் கனடா ஃபுட்பால் அணியொன்றின் கம்பளித் தொப்பி. சிட்னியின் அக்டோபர் வெயிலிலும் அதைக் கழற்ற மாட்டார்.

அங்கே வெள்ளி இரவு நடக்கும் ஆட்டம் எங்களுக்குச் சனி காலை. வர்ணனையைக் காரில் அலறவிடுவார். மோட்டர்வேயில் நெரிசல், இறங்கி ஓடவும் வழியில்லை. அந்த சீசன் முழுக்க அணி தோற்றுக்கொண்டே இருந்தது.

"தோற்கிற டீமை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே அங்கிள்?" என்றேன் எரிச்சலில்.

"எப்பிடித் தம்பி விடுறது? தோத்தாத்தான் மகன் கனடாவில இருந்து எனக்குப் போன் எடுத்து டீமைத் திட்டுவான். வெண்டா சிநேகிதரோட போயிடுவான். வேற ஒண்டுக்கும் என்னோட கதைக்கிறேல்லை."

ஒரு சனிக்கிழமை, கடைசி நிமிடத்தில் அணி வென்றுவிட்டது. நான் கைதட்டினேன். அவரும் சிரித்துவிட்டு வர்ணனையை நிறுத்தினார். வண்டிகள் நகரவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடிக்கவில்லை. சத்தமில்லாத அந்தக் காரிலிருந்துதான் எனக்கு இறங்கி ஓட வேண்டும்போல இருந்தது.

பிறகு நான் வேறு வேலைக்கு மாறிவிட்டேன். இன்றும் சனிக்கிழமை ஸ்கோர் பார்க்கிறேன், அந்த அணி தோற்றிருக்க வேண்டுமே என்று.