பார்பர் மாரிமுத்துவின் பேசும் நாய்கள்

சந்தையிலிருந்து திரும்பிய என் மனைவி மீனைக் கழுவப் போட்டுவிட்டுத்தான் அந்தச் செய்தியைச் சொன்னாள். "பார்பர் கடை மாரிமுத்தண்ணன் விடியக்காலையில போயிட்டாராம்." கையைத் துடைத்துக்கொண்டே, "இனிமே ஜொகூர் பாருல சிரிக்க வைக்கிற ஆளு நீங்க மட்டுந்தான்" என்றாள். இருபது வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள், எங்கே குத்தினால் ரத்தம் வரும் என்று அவளுக்குத் தெரியும். வெட்கத்தோடு சொல்கிறேன், அவள் வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் அதே நினைப்பு எனக்கும் வந்திருந்தது.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் அவரிடம் தலையைக் கொடுத்தவர்களுக்கு அந்தச் சுவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கொடுக்காத துரதிர்ஷ்டசாலிகளுக்காகச் சொல்கிறேன். மற்றக் கடைகளின் சுவர்களில் முருகனும் லட்சுமியும் இருப்பார்கள். மாரிமுத்து கடையிலும் இருந்தார்கள், ஆனால் வாசலுக்கு மேலே. நாற்காலிக்குப் பின்சுவர் முழுக்க நாய்கள்தான். செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் துரை பங்களாவில் சமைக்கிறவர் முடிவெட்ட வரும்போதெல்லாம் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளைக் கொண்டுவருவார். அவற்றில் வந்த நாய்க் கேலிச்சித்திரங்களை மாரிமுத்து கத்தரித்து, கஞ்சிப் பசையால் அட்டையில் ஒட்டி, சீனர் கடையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். கோட்டு போட்ட நாய், குடை பிடித்த நாய், மூக்குக்கண்ணாடியோடு பேப்பர் படிக்கும் நாய். நாற்காலியில் உட்கார்ந்தால் எதிர்க் கண்ணாடியில் நம் முகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நாயின் முகம் தெரியும். "ஒப்பிட்டுப் பாத்துக்கத்தான் மாட்டி வச்சிருக்கேன்" என்பார்.

படங்களுக்கடியில் இங்கிலீஷில் ஏதோ அச்சாகியிருக்கும். அவருக்கு அதில் ஓரெழுத்தும் தெரியாது. ஆகவே நாய்கள் என்ன பேசுகின்றன என்பதை அவரே முடிவு செய்தார். சொல்வதற்கு முன் கத்தியைத் தொண்டையிலிருந்து எடுத்து ஒரு சாண் உயரத்தில் பிடித்துக்கொள்வார். சிரித்துக் குலுங்குகிறவனின் கழுத்து தப்ப வேண்டுமல்லவா? கத்தி மேலே போனாலே பெஞ்சில் காத்திருப்பவர்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். இதற்காகவே சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வந்து சவரம் செய்துகொண்டவர்களை நான் அறிவேன்.

நான் பகலில் ரப்பர் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி, வாரம் ஒருமுறை பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறவன். எழுதியதை அச்சுக்கு அனுப்பும் முன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிப் பார்ப்பேன். பன்னிரண்டு வருஷத்தில் என் நகைச்சுவைக்காக அந்தக் கத்தி ஒருமுறைகூட மேலே போகவில்லை. அது பாட்டுக்கு என் தொண்டையில் ஓடிக்கொண்டிருக்கும். நான் முடித்ததும், "நல்லாருக்குங்க. தலையக் குனிங்க" என்பார்.

பொறாமை தாங்காமல் ஒருநாள் என் இங்கிலீஷைக் காட்டினேன். கட்டிலில் ஒரு நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருக்க, மருத்துவர் நாய் நாடி பிடித்துப் பார்க்கும் படம் அது. மாரிமுத்துவின் கணக்கில் மருத்துவர் நாய் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர். "நாக்கு தொங்குறது நாய்க்கு வியாதி இல்லடா. எந்திரிச்சுப் பெரட்டுக்குப் போ" என்று அது சொல்வதாகச் சொல்வார். காய்ச்சலோடு விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நின்று பெயர் கொடுத்து வேலைக்குப் போன தோட்டத்து ஆட்கள் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். நான் எழுந்து நின்று, உண்மையில் அங்கே 'மறுபடியும் மோட்டார் காரைத் துரத்தினாயா?' என்றுதான் அச்சாகியிருக்கிறது என்று விளக்கினேன். மாரிமுத்து கத்தியைத் தூக்கினார். "இந்த நாய் ஜொகூருக்கு வந்து மூணு வருஷமாச்சு, கிராணியாரே. இன்னமுமா இங்கிலீசு பேசும்?"

பெஞ்சே ஆடியது. நான் வீட்டுக்குப் போய் அன்றே அந்த டிரஸ்ஸர் நகைச்சுவையை எழுதி, என் பெயரைப் போட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆம், அதுதான். தோட்டம் தோட்டமாகப் போன, நீங்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கிய, நான் எழுதியவற்றில் உங்களுக்கு நினைவிருக்கும் ஒரே நகைச்சுவை. அது மாரிமுத்து சொன்னது.

அது அச்சில் வந்த பிறகு போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஊரில் வேறு யாரிடமும் என் கன்னத்தைக் கொடுத்துப் பழக்கமில்லை. சோப்பு நுரையோடு, களவெடுத்த பொருளும் நானுமாக அவர் கத்திக்குக் கீழே படுத்திருந்தேன். பெஞ்சிலிருந்து ஒருவர், டிரஸ்ஸர் நாய் இப்போதெல்லாம் ஏன் வாயே திறப்பதில்லை என்று கேட்டார். என் தொண்டையிலிருந்து கத்தி மெல்ல மேலே போனது. "அது இப்போ பத்திரிகையில வேலை பாக்குது. நம்மகிட்டல்லாம் பேசாது."

எல்லோரும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமல். நானும் சிரித்தேன், வாய்க்குள் சோப்பு போனது. அதற்குப் பிறகு அவர் அந்த நாயைப் பேசவிடவே இல்லை. யாராவது கேட்டால், அது கிராணியார் எழுதியது என்று சொல்லிவிடுவாராம். என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த வசதியைக்கூட அவர் எனக்குத் தரவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். எலும்பும் தோலுமாக, வாய் திறந்து, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் படுத்ததிலிருந்து மழிக்காத மூன்று வாரத் தாடியோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசியில் வாயில் வந்தது இதுதான்: "நாக்கு தொங்குறது வியாதி இல்லண்ணே. எந்திரிச்சுப் பெரட்டுக்குப் போங்க."

போர்வைக்குள்ளிருந்து அவர் வலது கை வெளியே வந்தது. அங்கே இல்லாத ஒரு கத்தியை விரல்கள் பிடித்திருந்தன. யாருடைய தொண்டையிலிருந்தோ எடுப்பதுபோல், ஒரு சாண் உயரம், மெல்லத் தூக்கினார்.

பன்னிரண்டு வருஷம் காத்திருந்து ஒருமுறை அந்தக் கத்தியைத் தூக்க வைத்தேன். அதற்கும் அவருடைய நகைச்சுவைதான் எனக்கு வேண்டியிருந்தது.

துக்க வீட்டிலும் வாசலில் நின்றவர்கள் நாய்ப் படங்களைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என் சாவுக்கு இதில் பாதிப் பேர் சிரித்தால் போதும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய மனைவி டிரஸ்ஸர் நாயை ஒரு பழைய துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "இது உங்களோடதுன்னு சொல்லச் சொன்னாரு" என்றார். அந்த அம்மாள் விஷயம் அறிந்து சொன்னாரா, அறியாமல் சொன்னாரா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் படம் ஒன்றுதான். என் மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். எழுதியதை அதற்கு வாசித்துக் காட்டுகிறேன். இதையும் வாசித்தேன். கட்டிலில் கிடக்கும் நாய் நாக்கைத் தொங்கப் போட்டபடி கடைசிவரை கேட்டது. "நல்லாருக்குங்க. தலையக் குனிங்க" என்றது.

குனிந்துகொண்டேன்.